முழு வீட்டுக்கும் வளி சுத்திகரிப்பான்: காத்தான்குடி வீடுகளுக்கு ஏற்றதா?

மனிதன் உணவின்றிப் பல நாட்கள் வாழலாம். நீரின்றிச் சில நாட்கள் வாழலாம். மூச்சின்றிச் சில நிமிடங்கள்கூட வாழ முடியாது. ஆயினும் உண்ணும் உணவையும் பருகும் நீரையும் பார்த்துப் பார்த்துத் தெரிவு செய்யும் நாம், சுவாசிக்கும் வளியைப் பற்றி அண்மைக் காலம் வரை அதிகம் சிந்தித்ததில்லை. இன்று அந்த நிலை மாறி வருகிறது. முழு வீட்டின் வளியையும் சுத்தப்படுத்தும் இயந்திரம் எனும் விளம்பரங்கள் கைத்தொலைபேசி வழியே எமது இல்லங்களுக்குள்ளும் நுழைந்துவிட்டன. வளைகுடா நாடுகளில் தொழில் புரியும் எம்மவர்கள், தாம் அங்கு கண்ட வசதியைத் தமது பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் செய்து கொடுக்க வேண்டும் என விரும்புவதும் இயல்பானதே.

அந்த விருப்பம் நல்லது. ஆனால் வெயிலில் உழைத்துச் சேர்த்த பணம் பொருத்தமற்ற ஒரு பொருளில் முடங்கிவிடக் கூடாது. அதைவிட முக்கியமாக, இயந்திரம் பூட்டிவிட்டோம் என்ற நிம்மதியில் வீட்டினுள் எரியும் நெருப்பையும் எழும் புகையையும் மறந்துவிடக் கூடாது. எனவே இவ்வியந்திரம் எத்தகைய வீட்டுக்காக உருவானது, காத்தான்குடி வீடுகளில் அது என்ன செய்யும், அதற்குப் பதிலாகவோ அதற்கு முன்பாகவோ நாம் செய்ய வேண்டியவை எவை என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

இயந்திரம் பிறந்த வீடும் எமது வீடும்

முழு வீட்டு வளி சுத்திகரிப்பான் என்பது தனியே நின்று இயங்கும் பெட்டியன்று. அமெரிக்கா போன்ற நாடுகளிலும், வளைகுடாவின் பெரிய வீடுகள் பலவற்றிலும் கூரைக்கு மேலாகவோ சுவருக்குள்ளாகவோ தகரக் குழாய்கள் ஓடுகின்றன. ஓரிடத்தில் குளிரூட்டப்படும் வளி அக்குழாய்கள் வழியே ஒவ்வோர் அறைக்கும் செல்கிறது. அறைகளிலிருந்து திரும்பும் வளி மீண்டும் அதே இயந்திரத்தை வந்தடைகிறது. அவ்வாறு திரும்பி வரும் வழியில் பொருத்தப்படும் தடித்த வடிகட்டியே முழு வீட்டுச் சுத்திகரிப்பான் ஆகும். யன்னல்கள் இறுக மூடியிருப்பதால் வீட்டினுள் இருக்கும் அதே வளி திரும்பத் திரும்ப வடிகட்டியினூடாகச் சென்று படிப்படியாகத் தூய்மை அடைகிறது.

ஆக, இந்த ஏற்பாட்டுக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. வளியைச் சுமந்து செல்லும் குழாய் அமைப்பு வேண்டும். வீடு மூடியதாக இருக்க வேண்டும். காத்தான்குடியின் பெரும்பாலான வீடுகளில் இவ்விரண்டும் இல்லை. ஒரு புறம் கடலும் மறுபுறம் மட்டக்களப்பு வாவியும் சூழ்ந்த ஒடுங்கிய மணல் நிலத்தில் எமது நகர் அமைந்துள்ளது. வெப்பத்தையும் ஈரப்பதனையும் தாங்குவதற்காக எமது முன்னோர் யன்னல்களுக்கும் கதவுகளுக்கும் மேலே வளித்துவாரங்களை விட்டே வீடு கட்டினர். கூரைக்கும் சுவருக்கும் இடையிலும் இடைவெளி உண்டு. பகலில் கடற்காற்றும் இரவில் தரைக்காற்றும் அவற்றினூடாகத் தடையின்றி உட்புகுந்து வெளியேறுகின்றன. இது எமது வீடுகளின் குறையன்று, அவற்றின் சிறப்பாகும். ஆனால் திறந்த வீட்டின் வளியை இயந்திரத்தால் வடிகட்ட முனைவது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதற்கு ஒப்பானது.

இதனை ஒரு கணக்கின் மூலம் விளங்கிக் கொள்ளலாம். 1000 சதுர அடி பரப்பும் 10 அடி உயரமும் கொண்ட ஒரு வீட்டில் ஏறத்தாழ 283 கன மீற்றர் வளி உள்ளது. ஒரு மணித்தியாலத்தில் ஐந்து தடவைகளாவது அவ்வளி வடிகட்டப்பட வேண்டுமெனில், இயந்திரம் மணித்தியாலத்துக்கு 1400 கன மீற்றருக்கு மேற்பட்ட வளியைக் கையாள வேண்டும். யன்னல்கள் திறந்திருக்கும்போது கடற்காற்று அந்த அளவுக்கோ அதனிலும் கூடுதலாகவோ புதிய வளியை உள்ளே கொண்டு வந்துவிடும். இயந்திரம் சுத்தப்படுத்தி முடிப்பதற்குள் அந்த வளி வீட்டை விட்டே வெளியேறியிருக்கும்.

சுவரில் பொருத்தும் குளிரூட்டி இருந்தால் போதாதா எனச் சிலர் வினவலாம். அவ்வகைக் குளிரூட்டி வெளியிலிருந்து புதிய வளியைக் கொண்டு வருவதில்லை. அறையில் உள்ள வளியையே சுழற்றிக் குளிரூட்டுகிறது. அதனுள் இருக்கும் வலை, தும்பையும் பெரிய தூசியையும் மாத்திரமே தடுக்கும். புகையின் நுண்துணிக்கைகள் அதனூடாகத் தங்குதடையின்றிச் செல்லும்.

பகை எங்கே இருக்கிறது?

வளியில் மிதக்கும் துணிக்கைகளுள் எமக்கு மிகுந்த தீங்கு விளைப்பவை 2.5 மைக்ரோமீற்றரிலும் சிறியவை. மனிதத் தலைமுடியின் தடிப்பில் ஏறக்குறைய இருபத்தைந்தில் ஒரு பங்கே இவற்றின் அளவு. மூக்கின் உரோமங்களால் தடுக்க முடியாத இவை நுரையீரலின் ஆழம் வரை சென்று படிகின்றன. உலக சுகாதார ஸ்தாபனம் 2021 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலின்படி, இத்துணிக்கைகளின் அளவு 24 மணித்தியாலச் சராசரியில் கன மீற்றருக்கு 15 மைக்ரோகிராமையும், வருடச் சராசரியில் 5 மைக்ரோகிராமையும் தாண்டலாகாது. இலங்கையில் 2008 ஆம் ஆண்டு வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட நியமமோ முறையே 50, 25 மைக்ரோகிராம் என்பதாகும். அதாவது, எமது சட்டம் அனுமதிக்கும் எல்லைக்குள் இருக்கும் வளிகூட உலக சுகாதார ஸ்தாபனத்தின் பார்வையில் நல்ல வளியாக இராது.

வெளியிலிருந்து வரும் ஆபத்துக்கு 2022 டிசம்பரே சிறந்த சான்று. வங்காள விரிகுடாவில் மாண்டஸ் சூறாவளி உருவாகியிருந்த அந்நாட்களில், இந்தியப் பக்கமிருந்து வீசிய காற்று மாசுற்ற வளியை இலங்கையின் மேலாகக் கொண்டு வந்தது. நாட்டின் பல நகரங்களில் வளியின் தரம் பெருமளவு வீழ்ந்தது. டிசம்பர் 9 ஆம் திகதி அரச பாடசாலைகள் மூடப்பட்டன. கடலும் எல்லையும் புகைக்குத் தடையல்ல என்பதை அன்று நாம் கண்டோம்.

ஆனால் அத்தகைய நாட்கள் வருடத்தில் சிலவே. எஞ்சிய நாட்களில் எமது வீடுகளின் வளியைக் கெடுப்பது பெரும்பாலும் நாமே மூட்டும் நெருப்பாகும். வீட்டினுள் எழும் புகையால் 2020 ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் உரிய காலத்துக்கு முன்பே உயிரிழந்தனர் என உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டுள்ளது. 2021 இறுதியில் எரிவாயுக் கொள்கலன் வெடிப்புகளும், 2022 இல் எரிவாயுத் தட்டுப்பாடும் நேர்ந்தபோது, விறகடுப்பைக் கைவிட்டிருந்த குடும்பங்கள் பலவும் மீண்டும் அதனை நாடின. அடுப்பருகே நிற்கும் தாயும், அவளது இடுப்பில் இருக்கும் குழந்தையுமே அப்புகையை அதிகம் சுவாசிப்பவர்கள்.

அடுப்புக்கு அடுத்தது நுளம்புச்சுருள். மூடிய அறையில் எரியும் ஒரு சுருள் வெளியிடும் நுண்துணிக்கைகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடுவதற்குச் சமமானவை என 2003 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வீட்டில் எவரும் புகைப்பதில்லை எனப் பெருமைப்படும் குடும்பத்தினர்கூட, இரவு முழுவதும் குழந்தையின் கட்டிலடியில் சுருளை எரிய விடுவதைக் காண்கிறோம். ஊதுபத்தியும் சாம்பிராணியும் பகூரும் இந்து, முஸ்லிம் இல்லங்கள் இரண்டிலும் மங்கலத்தின் அடையாளங்கள். அவற்றின் நறுமணத்தை நாம் குறை கூறவில்லை. எனினும் நறுமணம் தரும் புகையும் புகையே. குளிப்பாட்டிய பச்சிளங் குழந்தைக்குப் புகை காட்டும் வழக்கத்தை அக்குழந்தையின் நுரையீரலைக் கருதிக் கைவிடுவதே நலம். பெரியவர்கள் விரும்பினால், யன்னல்களைத் திறந்து வைத்து, குழந்தை இல்லாத அறையில், சிறிது நேரம் மாத்திரம் புகைக்கலாம்.

முதலில் நெருப்பு, பின்னர் காற்று

மாசைப் பிறப்பிடத்திலேயே நிறுத்துதல், நிறுத்த முடியாததை வெளியேற்றுதல், எஞ்சியதை வடிகட்டுதல் என்பதே இவ்விடயத்தில் சரியான ஒழுங்கு. இவ்வொழுங்கைத் தலைகீழாக்கி இயந்திரத்திலிருந்து தொடங்குபவருக்குச் செலவு கூடும், பயன் குறையும்.

நுளம்புச்சுருளுக்குப் பதிலாக வலையைப் பயன்படுத்துவதற்கு மின்சாரமும் வேண்டியதில்லை. யன்னல்களுக்கும் வளித்துவாரங்களுக்கும் நுளம்பு வலை அடித்தால் காற்றும் வரும், நுளம்பும் வராது. விறகு தவிர்க்க முடியாததெனில், காய்ந்த விறகையே பயன்படுத்த வேண்டும். ஈர விறகு புகையைப் பன்மடங்கு பெருக்கும். இலங்கையில் நெடுங்காலமாக அறிமுகமாயுள்ள அனகி மண்ணடுப்பு, மூன்று கல் அடுப்பைவிடக் குறைந்த விறகுடன் சமைக்க உதவுகிறது. ஆனால் அதற்கும் புகைபோக்கி தேவை. குப்பையையும் சருகையும், குறிப்பாகப் பிளாஸ்டிக்கையும் பொலித்தீனையும் வளவில் எரிப்பதை முற்றாக நிறுத்த வேண்டும்.

அடுத்தது வெளியேற்றம். எரிவாயுவில் சமைத்தாலும் பொரியலின்போதும் தாளிப்பின்போதும் நுண்துணிக்கைகள் எழுகின்றன. எனவே சமையலறைக்கு வளியகற்றும் மின்விசிறி அவசியம். 10 அடி நீளமும் 8 அடி அகலமும் 9 அடி உயரமும் உள்ள சமையலறையில் ஏறத்தாழ 20 கன மீற்றர் வளி இருக்கும். சமைக்கும் வேளையில் மணித்தியாலத்துக்குப் பதினைந்து தடவைகள் அதனை மாற்றுவதற்கு, மணித்தியாலத்துக்கு 300 கன மீற்றர் வளியை வெளியேற்றும் விசிறி தேவை. இவ்வளவு விசிறியின் உறையில் அச்சிடப்பட்டிருக்கும். வாங்கும்போது அதனைக் கேட்டுப் பார்க்க வேண்டும். விசிறியை அடுப்புக்கு அருகில், உயரத்தில் பொருத்த வேண்டும். எதிர்ப்புறத்தில் ஒரு யன்னலோ கதவோ திறந்திருக்க வேண்டும். வளி உள்ளே வர வழி இல்லாத அறையிலிருந்து எந்த விசிறியாலும் வளியை வெளியேற்ற முடியாது.

காற்றின் திசையையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். பகலில் வீசும் கடற்காற்று கிழக்கிலிருந்து வருவதால், மேற்குப் புறமாக விடப்படும் புகை எளிதில் வெளியேறும். ஆனால் கச்சான் வீசும் மாதங்களில் நிலை தலைகீழாகும். ஆகவே காற்றை மாத்திரம் நம்பியிராமல், புகைபோக்கியைக் கூரைக்கு மேலே உயர்த்துவதும் விசிறியைப் பயன்படுத்துவதுமே நம்பகமான வழிகள்.

வடிகட்டி எங்கே பயன்படும்?

இவ்வளவும் செய்த பின்னர் எஞ்சும் தேவை உண்மையானதே. ஆஸ்துமா உள்ள பிள்ளை, நுரையீரல் நோயால் துன்புறும் முதியவர், பிரதான வீதியின் தூசியும் வாகனப் புகையும் நேரே வந்து படியும் வீடு, 2022 டிசம்பர் போன்ற நாட்கள் என்பவற்றுக்கு வடிகட்டி உதவும். முழு வீட்டையும் அன்றி ஓர் அறையைத் தூய அறையாக்குவதே எமக்குப் பொருத்தமான வழி. நாளின் மூன்றிலொரு பங்கை உறக்கத்தில் கழிக்கும் நாம், அந்தப் படுக்கையறையையே இதற்குத் தெரிவு செய்யலாம்.

அறைக்கான சுத்திகரிப்பானில் முதலில் பார்க்க வேண்டியது வடிகட்டியின் வகை. ஹெபா எனப்படும் வடிகட்டி, அமெரிக்க வரையறையின்படி 0.3 மைக்ரோமீற்றர் அளவான துணிக்கைகளில் 99.97 சதவீதத்தைத் தடுக்க வேண்டும். அந்த அளவை ஒட்டிய துணிக்கைகளே பிடிப்பதற்கு மிகக் கடினமானவை. அதனிலும் பெரியவையும் சிறியவையும் இன்னும் எளிதில் அகப்படும். 'ஹெபா வகை', 'ஹெபா போன்றது' எனும் சொற்கள் இந்த உறுதியைத் தருவன அல்ல.

இரண்டாவது, தூய வளி வழங்கும் வீதம். 12 அடிச் சதுரமும் 9 அடி உயரமும் உள்ள படுக்கையறையில் ஏறத்தாழ 37 கன மீற்றர் வளி உள்ளது. மணித்தியாலத்துக்கு ஐந்து தடவைகள் அதனைச் சுத்தப்படுத்த, மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 185 கன மீற்றர் தூய வளி தேவை. பெட்டியில் குறிக்கப்படும் அளவு பெரும்பாலும் உச்ச வேகத்துக்கு உரியது. இரவில் அந்த ஒலியைத் தாங்க முடியாமல் வேகத்தைக் குறைப்போம் என்பதால், தேவையிலும் சற்றுப் பெரிய இயந்திரத்தை வாங்கி நடு வேகத்தில் இயக்குவதே உகந்தது.

மூன்றாவது, மாற்று வடிகட்டி. அது இலங்கையில் கிடைக்குமா, விலை என்ன, வருடத்துக்கு எத்தனை தேவை என்பவற்றை இயந்திரம் வாங்கும் முன்பே விசாரிக்க வேண்டும். எமது உப்புக் காற்றும் ஈரப்பதனும் வடிகட்டியின் ஆயுளைக் குறைக்கக் கூடியவை. மணத்தை உறிஞ்சும் கரி வடிகட்டியின் ஆற்றலும் ஈரமான வளியில் குன்றும். வெளிநாட்டிலிருந்து அனுப்புவோர் மின்னழுத்தத்தையும் கவனிக்க வேண்டும். இலங்கையின் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேட்ஸ் ஆகும். அமெரிக்கச் சந்தைக்கான 120 வோல்ட் இயந்திரத்தை நேரடியாக இங்கு பொருத்தினால் அது பழுதாகும், தீப்பற்றவும் கூடும்.

நான்காவது, தவிர்க்க வேண்டியவை. ஓசோனை உற்பத்தி செய்து வளியைத் தூய்மையாக்குவதாகக் கூறும் இயந்திரங்களை வாங்கலாகாது. ஓசோன் நுரையீரலை உறுத்தும் வாயு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் விற்கப்படும் வளி சுத்திகரிப்பான்கள் 10 இலட்சத்தில் 0.05 பங்குக்கு மேல் ஓசோனை வெளியிடக் கூடாது எனச் சட்டமே உண்டு.

பொருத்துவதும் சிரமமன்று. சுவரிலிருந்தும் அலுமாரியிலிருந்தும் ஓர் அடிக்கு மேல் விலக்கி, திரைச்சீலை மறைக்காத இடத்தில் வைக்க வேண்டும். வடிகட்டியைச் சுற்றியுள்ள பொலித்தீன் உறையை அகற்றிய பின்னரே இயக்க வேண்டும். அதனை மறந்துவிடுவோரும் உளர். இயங்கும்போது கதவையும் யன்னலையும் மூடி, மேலே உள்ள வளித்துவாரங்களைக் கடதாசி மட்டையால் தற்காலிகமாக மறைக்கலாம். வெளி வளி நன்றாக உள்ள காலையில் அவை அனைத்தையும் திறந்து விட வேண்டும். 50 வாற்று இயந்திரம் தினமும் எட்டு மணித்தியாலம் இயங்கினால் மாதத்துக்கு 12 அலகு மின்சாரம் செலவாகும்.

குழாய் வழிக் குளிரூட்டி ஏற்கனவே பொருத்தப்பட்ட பெரிய வீடோ மண்டபமோ வணிக நிலையமோ எனில், அங்கு முழுக் கட்டடச் சுத்திகரிப்பு உண்மையிலேயே பொருந்தும். அதற்குரிய வடிகட்டிகள் மேர்வ் எனும் அளவுகோலால் தரப்படுத்தப்படுகின்றன. புகைத் துணிக்கைகளைத் தடுக்க மேர்வ் 13 தரமாவது வேண்டும். ஆனால் வடிகட்டியின் அடர்த்தி கூடும்போது வளியோட்டம் குறையும். விசிறியின் வலு போதாதெனில் குளிர்ச்சி குன்றும். குளிரூட்டியின் சுருளில் பனி உறையவும் கூடும். எனவே இயந்திரம் தாங்கும் அளவைத் தொழினுட்பவியலாளரிடம் அளந்தறிந்த பின்னரே மாற்ற வேண்டும். வடிகட்டி, திரும்பும் வளியின் பாதையில், குளிர்ச் சுருளுக்கு முன்பாக, அதில் குறித்த அம்புக்குறி வளி செல்லும் திசையைக் காட்டுமாறு அமைதல் வேண்டும். விளிம்பில் இடைவெளி இருப்பின் வளி அவ்வழியே தப்பிச் செல்லும்.

எந்த வடிகட்டியும் காக்காத ஆபத்து

ஒன்றை மாத்திரம் அழுத்திக் கூற வேண்டும். துணிக்கைகளைத் தடுக்கும் எந்த வடிகட்டியாலும் காபனோரொட்சைட்டு வாயுவை நீக்க முடியாது. நிறமும் மணமும் அற்ற இவ்வாயு, உறங்குபவரை விழிக்க விடாமலே கொல்லும் தன்மையது. 2022 ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுக் காலத்தில் சிறிய மின்பிறப்பாக்கிகளைப் பலர் நாடியதை நாம் அறிவோம். அவற்றை வீட்டினுள்ளோ யன்னல் அருகிலோ விறாந்தையிலோ இயக்குதல் ஆகாது. கரி நெருப்பை மூடிய படுக்கையறையில் வைத்து உறங்குவதும் அத்தகையதே. சுத்திகரிப்பான் இயங்குகிறது என்ற தைரியத்தில் இதில் அசட்டையாக இருப்பவர் உயிரையே பணயம் வைக்கிறார்.

இறுதியாக, எமது நகரின் நிலையை எண்ணிப் பார்ப்போம். மக்கள் நெருக்கம் மிகுந்த காத்தான்குடியில் ஒரு வீட்டின் சுவர் அடுத்த வீட்டின் சுவரை உரசி நிற்கிறது. எமது சமையலறையிலிருந்து நாம் அகற்றும் புகை அடுத்த வீட்டுப் பிள்ளையின் படுக்கையறை யன்னலுக்குள் செல்லுமாயின், நாம் எதனைத் தூய்மை செய்தோம்? அவர் எரிக்கும் குப்பையின் புகையும் அவ்வாறே எம்மிடம் வரும். இங்கு ஒரு வீட்டின் வளியைத் தனியே பிரித்துக் காக்க முடியாது. ஆகவே விசிறியைப் பொருத்தும் முன்னர் அண்டை வீட்டாருடன் ஒரு வார்த்தை பேசுவோம். புகைபோக்கியை அவரது யன்னலுக்கு மேலாக உயர்த்துவோம். குப்பை எரிப்பதை ஒழுங்கையிலுள்ள அனைவரும் ஒன்றாக நிறுத்துவோம். அதன் பின்னரும் மூச்சுத் திணறும் ஒரு பிள்ளையோ முதியவரோ வீட்டில் இருப்பின், அவரது அறைக்கு ஒரு நல்ல சுத்திகரிப்பானை வாங்குவோம். தொலைதூரத்தில் உழைக்கும் சகோதரரின் பணத்துக்கு அதுவே உரிய பயனாகும்.